மறவா… திருந்தேன்: பாட்டும் மூச்சு வணிகமும்

மூச்சுவிடாமல் பாடுவதே பாட்டின் உச்சம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் எப்போது நிலைபெற்றது என்று யாராவது கேட்டால் 1990 என்று தயங்காமல் சொல்வேன். 'கேளடி கண்மணி' வெளிவந்த வருடம் அது. அதில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நடித்துப் பாடிய 'மண்ணில் இந்தக் காதல்' பாடலின் சரணங்கள், மூச்சிழுக்கும் ஓசை எங்குமே கேட்காதபடி ஓடுகின்றன. உண்மையிலேயே ஒரே மூச்சில் பாடப்பட்டதா, ஒலிப்பதிவுக் கூடத்தின் உபயமா என்ற பட்டிமன்றம் அன்றிலிருந்து டீக்கடைகளில் நடந்துவருகிறது. அதில் எனக்கு ஆர்வமில்லை. இளையராஜாவுக்கும் பாலசுப்ரமணியத்துக்கும் அது ஒரு விளையாட்டு. கதைக்குள் அதற்கு இடமும் இருந்தது. விளையாட்டை விதியாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். 1998இல் சங்கர் மகாதேவனின் 'பிரெத்லெஸ்' வந்தபோது அந்த விதிக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. மூச்சு என்பது பாட்டில் ஒளித்துவைக்க வேண்டிய ஒரு குறை என்றாயிற்று. குறை என்று ஒன்றை நம்பவைத்துவிட்டால் பிறகு மருந்து விற்பது எளிது.

அந்த மருந்துதான் இன்று 'பாடகர்களுக்கான மூச்சுப் பயிற்சி' என்ற பெயரில் யூட்யூபிலும் சிற்றூர்களின் பாட்டு வகுப்புகளிலும் விற்கப்படுகிறது. பலூன் ஊது. எரியும் மெழுகுவர்த்தியின் முன்னால் சுடர் அணையாமல் காற்றை விடு. மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் புத்தகத்தை வைத்து அது ஏறி இறங்குகிறதா என்று பார். ஏழு நாளில் குரல் கணீரென்று ஆகிவிடும். விருதுநகர் மாவட்டத்து இ. குமாரலிங்கபுரத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் போய் இப்படி ஒரு வகுப்பில் மாதக்கணக்கில் வயிற்றின்மேல் புத்தகம் சுமந்த பெண்பிள்ளை ஒருத்தியை அறிவேன். பத்தாம் வகுப்பு. நல்ல சாரீரம், கூர்மையான காது. பங்குனிப் பொங்கல் மேடையில் அவள் ஒரு பக்திப்பாட்டுப் பாடினாள். 'மறவாதிருந்தேன்' என்று முடியும் வரி. ஆழ இழுத்த மூச்சை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் நடுவில் நிறுத்தி, மீண்டும் ஆழ இழுத்து, 'மறவா… திருந்தேன்' என்று பாடினாள். அம்மனை மறக்காமல் இருந்தேன் என்று சொல்லவேண்டிய பக்தை, என்ன ஆனாலும் நான் திருந்தமாட்டேன் என்று சபதம் செய்துவிட்டு இறங்கினாள். கைதட்டல் பலமாகவே இருந்தது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு வயிற்றைக் கற்றுக்கொடுத்தவர்கள் வரியைக் கற்றுக்கொடுக்கவில்லை.

என் வாதம் இதுதான். பாட்டில் மூச்சு என்பது தனியாகப் பயிற்றுவிக்கப்படவேண்டிய உடற்பயிற்சி அல்ல. அது சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அதோடு, நம் மரபில் அது ஒருவருடைய தனிச்சொத்தாகவும் இருந்ததில்லை. இவ்விரண்டையும் மறைத்துத்தான் இந்த வணிகம் நடக்கிறது.

முதலில் கணக்கு. வளர்ந்த ஒருவர் ஆழ இழுத்து முழுதுமாக வெளிவிடக்கூடிய காற்று ஏறத்தாழ 3 முதல் 5 லிட்டர். குரல்நாண்கள் ஒழுங்காக நெருங்கி ஒலிக்கும்போது செலவாவது நொடிக்குச் சுமார் 100 முதல் 200 மில்லி லிட்டர். இரண்டு லிட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு தாராளமாகச் செலவழித்தாலும் பத்து நொடி தாங்கும். நம் பாடல் வரிகள் பெரும்பாலும் ஐந்தாறு நொடிகளில் முடிந்துவிடுபவை. ஆக, பாடுகிற பிள்ளைக்கு மூச்சு 'பற்றவில்லை' என்றால் நுரையீரல் சிறிது என்று பொருளல்ல. குரல்நாண்கள் சரியாகச் சேராமல் காற்று வீணாகக் கசிகிறது என்றோ, பயத்தில் தொண்டை இறுகியிருக்கிறது என்றோ, வரியில் எங்கே நிற்கவேண்டும் என்பது தெரியவில்லை என்றோதான் பொருள். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டித் தருகிறார்கள்.

'உதரவிதானத்திலிருந்து பாடு' என்ற மந்திரத்தையும் கொஞ்சம் விசாரிக்கலாம். உதரவிதானம் மூச்சை உள்ளிழுக்கும் தசை. அது சுருங்கிக் கீழிறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. பாட்டு நிகழ்வதோ காற்று வெளியே போகும்போது. வெளியே தள்ளுகிற வேலையைச் செய்பவை விரிந்த மார்புக்கூட்டின் மீள்விசையும் வயிற்றுச் சுவரின், விலா எலும்புகளின் தசைகளும். உதரவிதானம் மெல்ல விட்டுக்கொடுத்து அந்தப் போக்கை நிதானப்படுத்தலாம், அவ்வளவே. தவிரவும் தன் உதரவிதானத்தை யாராலும் நேரடியாக உணரக்கூட முடியாது. 'வயிற்றைத் தள்ளு' என்று ஒரு வாத்தியாரும் 'வயிற்றை இழு' என்று அடுத்த தெரு வாத்தியாரும் சொல்வதன் ரகசியம் இதுதான். இருவரும் தம் வாத்தியார் சொன்னதைச் சொல்கிறார்கள்.

ஐரோப்பியரிடமிருந்து வந்த அறிவியல் இது, கேள்வி கேட்காதே என்பார்கள். ஐரோப்பாவிலேயே இது ஓய்ந்த விவாதமல்ல. மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் 1854இல் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துச் சூரிய ஒளியில் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். மறுவருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. ஒலி எங்கே பிறக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட முதல் பாடகர்களில் ஒருவர். குரலின் வலிமை மூச்சின் அளவைப் பொறுத்ததல்ல, குரல்நாண்கள் எவ்வளவு சுத்தமாக மூடித் திறக்கின்றன, வாயும் தொண்டையும் அவ்வொலியை எப்படி வார்க்கின்றன என்பதைப் பொறுத்தது என்ற திசையில்தான் பின்வந்த ஆய்வுகள் சென்றன. நாம் 'கணீர்' என்று சொல்லும் குணம், ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸ் அலைவெண் அருகே ஆற்றல் திரள்வதால் வருவது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் அதற்கு அருகில்தான். அந்த ஒலி கடைசி வரிசை வரை போகும். அதற்கு அண்டாக்கணக்கில் காற்று வேண்டியதில்லை.

அடுத்து நம்மவர் பெருமை. 'பிராணாயாமம் இருக்கிறதே, நம் முன்னோர் பாடகர்கள் அதைச் செய்துதானே பாடினார்கள்' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள். திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கு ஒரு கணக்கு உண்டு: உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளிவிட 32. மூன்றில் நீண்டது கும்பகம், அதாவது நிறுத்திவைப்பது. பாடகனின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. அரை நொடியில் இழுக்கவேண்டும், நிறுத்திவைக்க நேரமே கிடையாது, பிறகு முழுவதும் நீண்ட ரேசகம். யோகியின் மூச்சு சேமிப்பு. பாடகனின் மூச்சு செலவு. திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமணர் 'நான் யார்?' நூலில் மூச்சடக்குவதைப் பற்றிப் பேசுகிறார், ஆனால் மனத்தை ஒடுக்குவதற்கு ஒரு துணையாகத்தான்; பிராணன் அடங்கியிருக்கும் வரை மனமும் அடங்கியிருக்கும், அது வெளிப்பட்டால் மனமும் வெளிப்படும் என்று எச்சரிக்கவும் செய்கிறார். மனம் ஒடுங்குவதற்கான வழியைக் கொண்டுவந்து சரணத்தில் தாரஸ்தாயியைப் பிடிக்கப் பயன்படுத்துவது இரண்டுக்கும் மரியாதை அல்ல. பிராணாயாமம் செய்கிறவர்கள் செய்யட்டும், உடம்புக்கு நல்லது. பாட்டு அதன் பக்கவிளைவு அல்ல என்பதே நான் சொல்வது.

நம் மரபில் மூச்சைப் பற்றிய சிந்தனையே இல்லையா என்றால், இருக்கிறது. அதைத் தேடிப் போகவேண்டிய இடம் இலக்கணம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றொரு இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைகொண்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்துகளாகப் பிறப்பதை அது சொல்கிறது. கவனியுங்கள்: அங்கே காற்று எழுத்தாவதற்காகவே எழுகிறது. வெறும் மூச்சு என்று ஒன்றை எடுத்து அதற்குப் பயிற்சி சொல்லவில்லை தொல்காப்பியர். மாத்திரையை அளக்கக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் எடுத்துக்கொண்டவர், எழுத்தின் நீளத்தை உடம்பின் இயல்பான அசைவுகளால் அளந்திருக்கிறார். யாப்பு அங்கிருந்து தொடங்குகிறது. அசை, சீர், அடி என்பவை செய்யுளுக்கு மட்டுமான அலகுகள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்துக் கசந்துபோனோம். சொல்கிறவனும் பாடுகிறவனும் எங்கே நின்று எங்கே தொடர்வது என்பதற்கான வரைபடம் அது. திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் சுந்தரர் தேவாரம் பெற்ற தலம். தேவாரத்தைத் தாளமின்றி விருத்தமாகப் பாடும் ஓதுவார் ஒருவரை உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். சீரின் எல்லையிலும் அடியின் எல்லையிலும் அவர் மூச்சு எடுப்பது உங்களுக்குக் கேட்கும். அவர் அதை ஒளிப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் முந்தைய அடியின் பொருள் நம்மிடம் வந்து சேர்கிறது. மூச்சொலியைக் கணினியில் அழித்துவிட்டுக் கொடுக்கும் பாட்டில் அந்த அவகாசமே கிடையாது. எல்லாச் சொற்களும் வந்துவிடுகின்றன, ஒன்றும் தங்குவதில்லை.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் கரிசல் பக்கத்தில் வலுவான குரல் என்றால் பழைய ஆட்கள் உடனே சொல்வது நாடகக்காரர்களை. சிவகாசியில் 1886இல் பிறந்த விசுவநாததாஸ், தேசியப் பாட்டுகளைப் பாடிப் பலமுறை சிறை சென்றவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் மேடையிலேயே இறந்தார். செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இறக்கும்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் அவர் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது என்பது அந்தத் தலைமுறையின் தீராத பேச்சு. கே.பி. சுந்தராம்பாள், பின்னால் டி.ஆர். மகாலிங்கம் என்று அந்த வரிசை நீள்கிறது. உயர்ந்த சுருதிதான் இவர்கள் அத்தனை பேருக்கும் பொதுவானது. ஆர்மோனியத்தின் கட்டையைக் கொண்டு சுருதியை அளக்கும் வழக்கம் நமக்குப் பழகிப்போனது. ஆண்கள் பலர் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் கச்சேரி செய்யும் இன்றைய காதுக்கு அந்தக் காலத்து நாலரை, ஐந்து கட்டை வேற்றுலக ஒலியாகத் தோன்றும்.

இவர்கள் பலூன் ஊதிப் பழகியவர்களா? சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது 'பாடம்'. பாடம் என்றால் வரி. வசனத்தையும் பாட்டையும் சொல் பிசகாமல், சந்தம் பிசகாமல், கடைசி ஆளுக்குப் புரியும்படி சொல்லவேண்டும். புரியும்படி சொல்ல முயல்கிறவன் வாயை அகலத் திறந்தாகவேண்டும், மெய்யெழுத்தை வெட்டிச் சொல்லியாகவேண்டும், பொருள் முடிகிற இடத்தில் நின்றாகவேண்டும். மூச்சு அதன் பின்னாலேயே ஓடிவரும், எஜமானன் பின்னால் வேலைக்காரன் வருவதைப்போல.

அதைவிடவும் பெரிய ரகசியம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. ஆர்மோனியக்காரர். ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை தர்க்கம் செய்து பாடுகிறார்கள். ஒருவர் பாடி முடித்த வரியை ஆர்மோனியக்காரர் பின்பாட்டாக எடுத்துக்கொள்கிறார். அவர் அந்த வரியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கையில் நடிகர் நிதானமாக மூச்சு வாங்கி, வேட்டியைச் சரிசெய்து, அடுத்த வரிக்குத் தயாராகிறார். நாங்கள் சமுக்காளத்தை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்த நாடகங்களில் முருகன் எட்டுமணி நேரம் களைப்பில்லாமல் பாடியதன் மர்மம் அதுதான். பாடியது ஒரு நெஞ்சு மட்டுமல்ல. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு அடியை முடித்ததும் பக்கப்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்கிறார்கள்; நடுவில் விழுகிற 'ஆமா' ரசிகனுக்கு மட்டுமல்ல, புலவரின் நுரையீரலுக்கும் ஆறுதல். நடவுப் பாட்டிலும் கும்மியிலும் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். ஒப்பாரியில், சாவு வீட்டின் உச்சத் துயரத்தில்கூட, ஒருத்தி மூச்சு வாங்கும் நேரத்தில் இன்னொருத்தி தொடங்கிவிடுகிறாள். துக்கம் அறுபடுவதில்லை.

நாகஸ்வரத்தை இதில் சேர்க்காவிட்டால் பாவம் சேரும். கோவில்பட்டியில் வாழ்ந்த காருக்குறிச்சி அருணாசலத்தின் நீண்ட பிடிகளைக் கொண்டாடுகிறோம், கொண்டாடவேண்டியதுதான். அவருக்குப் பக்கத்தில் இரண்டாவது நாகஸ்வரம் இருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒத்து இருந்தது. ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே செலுத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கால் உள்ளிழுத்து, மணிக்கணக்கில் ஒரே சுருதியை அறுபடாமல் ஊதுவார். மூச்சு நுட்பம் என்று கறாராகச் சொல்லத்தக்க ஒன்று நம் இசையில் இருந்ததென்றால் அதை வைத்திருந்தவர் அவர்தான். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. பிறகு சுருதிப் பெட்டி வந்தது, அவர் வீட்டுக்குப் போனார். இன்று மூச்சு நுட்பம் கற்பிக்கிற எந்த வகுப்பிலாவது ஒத்துக்காரர் என்ற சொல்லை உச்சரிக்கிறார்களா?

பின்பாட்டுக்காரர் இருந்த இடத்தில் இப்போது 'டிராக்' இருக்கிறது. செல்பேசியிலிருந்து இசை ஓடுகிறது, பிள்ளை தனியாக நின்று பாடுகிறது. டிராக் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, எதையும் வாங்கிப் பாடுவதில்லை. அதன் வேகத்துக்கு ஓட முடியாத பிள்ளையிடம் உன் மூச்சு போதாது என்கிறார்கள். துணையைப் பறித்துவிட்டு, துணையில்லாததை அந்தப் பிள்ளையின் உடல் குறையாக மாற்றுகிற இந்தத் தந்திரத்தைத்தான் நான் வணிகம் என்கிறேன். தனித்துப் போட்டியிடு, தோற்றால் குறை உன்னிடம், வா பயிற்சி தருகிறேன்: இந்தச் சரக்கை வேறு கடைகளிலும் பார்த்திருக்கிறோம்.

ஒலிபெருக்கியைப் பழிப்பது என் நோக்கமல்ல. அது இல்லாவிட்டால் பி.பி. ஸ்ரீனிவாஸ் என்ற மென்குரல் நமக்குக் கிடைத்திருக்காது. காதோரம் பேசுகிற மாதிரிப் பாடுவது என்ற ஒரு புதிய அழகே ஒலிவாங்கியின் கொடை. தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிற பிள்ளையைத் திருத்தத்தான் வேண்டும், நிமிர்ந்து உட்கார் என்று சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்துக்கு ஒரு பென்சிலைக் கொடுத்து, பாட்டை எழுதச் சொல்லி, பொருள் எங்கே முடிகிறது என்று கோடு போடச் சொல்லலாம். 'மறவாது' எங்கே முடிகிறது, 'இருந்தேன்' எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தவள் அங்கே மூச்சை வெட்டமாட்டாள். தெரியாதவளுக்கு ஐந்து லிட்டர் நுரையீரல் இருந்தும் பயனில்லை.

மூச்சு தனிமனிதச் சொத்தல்ல என்று சொன்னதற்கு இன்னும் நேரடியான ஒரு பொருளும் உண்டு. மூச்சு என்பது முதலில் காற்று. அருப்புக்கோட்டை நூற்பாலைகளின் ஊர், தறிகளின் ஊர். திருச்சுழி, நரிக்குடி பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது மழையில்லாத வருடங்களின் பிழைப்பு. மூட்டம் புகையும் நாட்களில் அதன் பக்கத்தில் நிற்கிறவர்களிடம் போய் வயிறு நிறைய மூச்சிழுங்கள் என்று சொல்ல எந்த வாத்தியாருக்கு வாய் வரும்? கும்மிக்கு எடுத்துக்கொடுத்த பெண்கள், ஒப்பாரிக்குப் பேர்போன பெண்கள் இந்த வேலைகளில்தான் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் குரல் ஏன் நாற்பது வயதில் கரகரத்துப்போகிறது என்பதற்கு நம் இசை ரசனைக் கட்டுரைகளில் 'கிராமியக் குரல்', 'மண்ணின் கரகரப்பு' என்று அழகான பெயர்கள் வைத்திருக்கிறோம்.

2023 மார்ச்சில் ஒன்றிய அரசு நாடு முழுவதற்கும் அறிவித்த ஏழு பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்களில் தமிழ்நாட்டுக்குரியது குமாரலிங்கபுரத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஆயிரம் ஏக்கருக்கு மேல். வேலை வேண்டும், மறுக்கவில்லை; வானம் பார்த்த பூமிக்காரன் அதை மறுக்க முடியாது. பஞ்சுத் தூசி நுரையீரலில் உண்டாக்கும் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். இந்தியச் சட்டங்கள் அதைத் தொழில்சார் நோய்ப் பட்டியலில் எப்போதோ சேர்த்துவிட்டன. அதன் தொடக்க அடையாளம் விசித்திரமானது: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மற்ற நாட்களில் தளர்ந்துவிடும். அதனால் பலரும் அதை உடல் சோர்வென்றே நினைத்துக்கொள்வார்கள். வருடங்கள் போகப்போக எல்லா நாளும் திங்கட்கிழமையாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய பரிசோதனை இருக்கிறது. வேலை தொடங்குமுன் ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொல்லி, முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்று அளப்பார்கள். குமாரலிங்கபுரத்துப் பெற்றோர்கள் பிள்ளையின் மூச்சுக்காகக் கேட்டு வாங்கவேண்டிய ஊதல் அது. பலூனுக்கு மாதக் கட்டணம் வாங்குகிறவர்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை.